விசா போன பிறகு: நிதித்துறைக்குத் திரும்பும் வழிகள்

அமெரிக்காவில் நிதியியல் முதுகலை முடித்து, ஓரிரு ஆண்டு வேலையும் பார்த்து, எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழாததால் ஊர் திரும்பியவர்கள் இன்று தமிழ்நாட்டின் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். ஆட்குறைப்பில் வேலை போய் அறுபது நாளுக்குள் வேறு வேலை அமையாமல் வந்தவர்கள், படிப்பு முடிந்தும் முதல் வேலையே கிடைக்காமல் வந்தவர்கள், வங்கி வேலையை விட்டுவிட்டுக் கணவரின் விசாவில் போய் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவர்கள் என்று இவர்களில் பல வகை. கல்விக்கடனின் மாதத் தவணை மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து நிதித்துறைக்குள் மறுபடி நுழைய முடியுமா என்பதுதான் இவர்கள் எல்லோரையும் அரிக்கும் கேள்வி.

முடியும் என்பதே நான் வந்திருக்கும் முடிவு. ஆனால் விசாச் சிக்கலும் வேலைச் சிக்கலும் வேறு வேறு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் தீர்த்துவிடத் துடிப்பதுதான் பலரை முடக்கிப்போடுகிறது. விசா தேவைப்படாத ஊரில் முதலில் தொழிலை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் பலத்தில் பிறகு விசாவை அணுகுவது மெதுவான வழி. அதை ஏன் நம்பலாம், எங்கெங்கே அது கைவிடும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

விசாவின் கடிகாரத்தை முதலில் பார்த்துவிடலாம். எஃப்-1 மாணவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற பெயரில் 12 மாத வேலை அனுமதி உண்டு. அந்தக் காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றைச் சேர்ந்த 'ஸ்டெம்' பட்டங்களுக்கு 2016 முதல் மேலும் 24 மாதம் கிடைக்கிறது. வேலையில்லா நாட்களின் வரம்பும் மொத்தம் 150 ஆகிறது. நிதித்துறை மாணவர்களின் பாதை பிரிவது இங்கேதான். அமெரிக்கக் கல்வித்துறை ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. பொது நிதியியலுக்கு 52.0801; அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. நிதிக் கணிதத்துக்கு 27.0305, அது இருக்கிறது. கடன்பத்திர மதிப்பீட்டையும் ஆப்ஷன் விலைக் கணக்கையும் இரண்டு வகுப்பிலும் படிக்கலாம். ஆனால் ஒருவருக்கு ஓராண்டு, இன்னொருவருக்கு மூன்றாண்டு. மூன்றாண்டு இருப்பவர் குலுக்கலில் மூன்று முறை பெயர் கொடுக்க முடியும். மற்றவருக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான். பல வணிகப் பள்ளிகள் பாடத்திட்டத்தைத் திருத்தி ஸ்டெம் எண்ணுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் நூறு பேரிடம் விசாரிக்கும் குடும்பங்கள், ஐ-20 படிவத்தில் அச்சாகியிருக்கும் இந்த எண்ணை விசாரிப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

எச்-1பி, 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. 2023 மார்ச்சில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன, ஏனென்றால் ஒரே ஆளுக்காகப் பல நிறுவனங்கள் செய்த பதிவுகள் அப்போது தனித்தனி வாய்ப்புகளாக எண்ணப்பட்டன. அடுத்த ஆண்டிலிருந்து ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்று மாற்றினார்கள். 2025 மார்ச்சில் தகுதியான பதிவுகள் சுமார் 3,44,000 ஆகக் குறைந்தன. சுமார் 1,20,000 தேர்வாயின. மூன்றில் ஒருவர் என்ற அந்தக் கணக்கு நம்பிக்கை தந்த சில மாதங்களில், 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. 2026 முதல் குலுக்கலிலும் ஊதிய நிலைக்கு ஏற்ற எடை. நான்காம் நிலை ஊதியம் பெறுபவரின் பெயர் நான்கு முறை சேர்க்கப்படும், முதல் நிலையில் இருப்பவரின் பெயர் ஒரே ஒரு முறை.

படித்து முடித்த கையோடு அனலிஸ்டாகச் சேரும் இருபத்து நான்கு வயதுக்காரருக்கு இது பெரிய அடி. ஆனால் இதே விதி அனுபவத்தோடு, கூடுதல் சம்பளத்தில், பின்னாளில் வருகிறவருக்குச் சாதகமாகவும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து அழைப்பதற்கு அந்த 1 லட்சம் டாலர் தடையாக நிற்பது உண்மைதான். ஆனால் அது பிரகடனத்தால் வந்த தடை, முதலில் ஓராண்டுக்கென்று அறிவிக்கப்பட்டது. ஒருவரின் தொழில் வாழ்க்கை முப்பது, முப்பத்தைந்து ஆண்டு நீளமுள்ளது.

விசாவின் கடிகாரத்தோடு வங்கிகளின் ஆளெடுப்புக் காலண்டரும் மோதுகிறது. பெரிய முதலீட்டு வங்கிகள் புதியவர்களைப் பெரும்பாலும் கோடைக்காலப் பயிற்சியாளர்களிலிருந்தே எடுக்கின்றன. அந்தப் பயிற்சிக்கான தேர்வு ஓராண்டுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகஸ்டில் போய் இறங்கி, வகுப்பறை எங்கே என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு சுற்று முடிந்திருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு கட்டம்: இப்போதோ பின்னரோ உங்களுக்கு விசா ஸ்பான்சர் தேவைப்படுமா? 'ஆம்' என்றால் பல நிறுவனங்களில் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அப்படி நிறுத்துவது அங்கே சட்டவிரோதமும் இல்லை. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானதை அடுத்து வந்த 2009 பிப்ரவரியில், அரசின் மீட்பு நிதி பெற்ற வங்கிகள் எச்-1பி ஆட்களை எடுப்பதற்குத் தனிச் சட்டமே கட்டுப்பாடு விதித்தது. அது இரண்டாண்டு நீடித்தது. அந்த ஆண்டு கையில் வேலை உத்தரவோடு பட்டம் வாங்கக் காத்திருந்த வெளிநாட்டு எம்பிஏ மாணவர்கள் சிலருக்கு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் மதிப்பெண்ணில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திரும்பி வந்தவர்களிடம் நான் அடிக்கடி காண்பது, கடிகாரமும் குலுக்கலும் செய்ததைத் தங்கள் தகுதியின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் வேதனை. ஸ்டான்ஃபர்டு பேராசிரியர் பால் ஓயர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. ஸ்டான்ஃபர்டு எம்பிஏ பட்டதாரிகள் பல தலைமுறையினரை அவர் ஆராய்ந்தார். படிக்கும் காலத்தில் பங்குச்சந்தை ஏறுமுகமாக இருந்தால் நிறையப் பேர் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறார்கள், இறங்குமுகமாக இருந்தால் போவதில்லை. முதலில் எங்கே சேர்ந்தார்கள் என்பதே பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருப்பார்கள் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. உலகின் மிகச் சிறந்த வணிகப் பள்ளிகளில் ஒன்றில் படித்தவர்களுக்கே காலம்தான் கதவைத் திறந்தது. அப்படியிருக்க, குலுக்கலில் பெயர் வராத ஒருவர் தன்னைத்தானே நொந்துகொள்ள என்ன நியாயம் இருக்கிறது?

அதே ஆய்வில் அச்சமூட்டும் செய்தியும் இருக்கிறது: முதல் தடுமாற்றம் நீண்ட நாள் தொடரும். எவ்வளவு நாள்? கனடாவின் பட்டதாரிகளைப் பற்றி ஒரியோபௌலோஸ், வான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. மந்தக் காலத்தில் பட்டம் பெற்றவர்களின் சம்பளம் தொடக்கத்தில் கணிசமாகக் குறைகிறது, ஐந்தாண்டில் அந்தக் குறை பாதியாகிறது, பத்தாண்டையொட்டி மறைந்துவிடுகிறது. மறைவது எப்படி என்பதே முக்கியம். முதலில் கிடைத்த சுமாரான நிறுவனத்திலிருந்து அதைவிட நல்ல நிறுவனத்துக்கு மாறி மாறித்தான் அவர்கள் மேலே வந்தார்கள்.

அடுத்தது, ரெஸ்யூமேயில் விழும் 'கேப்' பற்றிய பயம். குரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ ஆகியோர் அமெரிக்க நகரங்களில் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில்லாத மாதங்கள் கூடக் கூட நேர்காணல் அழைப்பு குறைகிறது. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்துக்குள் நடந்து முடிகிறது. இதை மட்டும் படித்தால் மனம் உடையும். ஆனால் சுவீடனில் எரிக்சன், ரூத் இருவரும் இதேபோல் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இப்போது நடந்துகொண்டிருக்கும் நீண்ட வேலையின்மைதான் அழைப்பைக் குறைக்கிறது, அதுவும் நடுத்தர, கீழ்நிலைத் திறன் வேலைகளில். பழைய இடைவெளிக்குப் பிறகு ஏதோ ஒரு வேலையில் சேர்ந்திருந்தால், அந்த இடைவெளியை முதலாளிகள் பொருட்படுத்தவில்லை.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான். இடைவெளி திறந்திருக்கும்வரை வலிக்கிறது, மூடியதும் ஆறிவிடுகிறது. ஆகவே கனவு வேலைக்காக ஒன்றரை ஆண்டு காத்திருப்பதைவிட, நிதித்துறைக்குள் பொருத்தமான எந்த வேலையையும் ஆறேழு மாதத்துக்குள் பிடித்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் இருந்துகொண்டே காத்திருப்பதா, ஊருக்கு வருவதா என்று தவிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எச்-1பியில் வேலை போனால் கிடைக்கும் சலுகைக் காலம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு நிறுவனம் மனு போட்டால் நல்லது. இல்லையென்றால், பெயரளவில் ஒரு கல்லூரியில் சேர்ந்து முதல் நாளிலிருந்தே சிபிடி என்ற, படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதியில் வேலை பார்ப்பதும், ஆலோசனை நிறுவனம் ஒன்று எழுதித்தரும் இல்லாத அனுபவத்தைக் காட்டுவதும் வேறெந்தத் துறையைக் காட்டிலும் நிதித்துறையில் ஆபத்து. வங்கிகள் பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனம், தேதி, பதவி எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கின்றன. இந்தியாவில் ரிலீவிங் லெட்டரும் வருங்கால வைப்புநிதிப் பதிவும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பொய் பிடிபட்டால் நேர்மையையே மூலதனமாகக் கொண்ட துறை மறுபடி உள்ளே விடாது. பெயரளவில் கல்லூரியில் சேர்வதன் ஆபத்துக்கும் சாட்சி உண்டு: மிச்சிகனில் குடிவரவு அதிகாரிகளே நடத்திய ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற போலி நிறுவனம் 2019 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதில் சேர்ந்து சிக்கியவர்கள் பெரும்பாலும் இந்திய மாணவர்களே.

ஊர் திரும்பினால் எங்கே சேர்வது? பன்னாட்டு வங்கிகள் இந்தியாவில் நடத்தும் பணிமையங்களோடு சென்னைக்குப் பழைய தொடர்பு உண்டு. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி 2001இல் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இங்கே பணிமையம் தொடங்கியது. முதலீட்டு வங்கிகளுக்குப் பங்கு ஆய்வு செய்துகொடுத்த இரெவ்னா, சென்னையில் வளர்ந்து 2005இல் கிரிசில் கைக்குப் போனது. தரமணியில் உலக வங்கிக்குப் பெரிய அலுவலகம் இருக்கிறது. சிட்டி, பிஎன்ஒய், பிஎன்பி பாரிபா போன்றவையும் இந்நகரில் இருக்கின்றன. கோல்ட்மன் சாக்ஸ் 2004 முதல் பெங்களூரில். நாடு முழுக்க, எல்லாத் துறைகளையும் சேர்த்து, இப்படிப்பட்ட உலகளாவிய மையங்கள் 1,700க்கு மேல். அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்வதாக 2024ஆம் நிதியாண்டுக்கான நாஸ்காம் கணக்கு சொல்கிறது.

'பேக் ஆஃபீஸ்தானே' என்று இதை ஒதுக்குபவர்கள் பத்தாண்டுக்கு முந்தைய படத்தைப் பார்க்கிறார்கள். வங்கிகள் பயன்படுத்தும் கணித மாதிரிகளை உருவாக்காதவர்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய வங்கி 2011 ஏப்ரலில் எஸ்ஆர் 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்பின் 'மாடல் வேலிடேஷன்' ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது, அதில் கணிசமான பங்கு இந்தியாவுக்கு வந்தது. கடன் இடர், சந்தை இடர், கருவூலம், பணமோசடித் தடுப்பு என்று கட்டுப்பாட்டு விதிகள் உருவாக்கிய வேலைகள் பல. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவருக்கு இவற்றில் உண்மையான அனுகூலம் உண்டு: நியூயார்க் மேலாளரோடு பேசும்போது அவர் கேட்பதன் உள்ளர்த்தம் புரியும், அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளின் பெயர்கள் புதிதாக இருக்காது.

எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனி இணைப்பு, பங்கு வெளியீடு போன்ற முதலீட்டு வங்கி வேலைக்கு முப்பது வயதுக்குமேல் வெளியிலிருந்து நுழைவது மிகக் கடினம். ஒரு நல்ல எம்பிஏ மட்டுமே அதற்கு வழக்கமான வழி, அதற்கும் இன்னொரு கடன். இடர் மேலாண்மையிலிருந்து வர்த்தக மேசைக்கு மாறுவதும் எளிதில்லை. சம்பள வீழ்ச்சி அதைவிடக் கசப்பானது. டாலரில் சம்பாதித்து அடைக்கத் திட்டமிட்ட கடனை ரூபாயில் அடைக்க வேண்டும். அதற்கு வருமான வரிச் சட்டம் தரும் வட்டிச் சலுகை ஒரு சிறு ஆறுதல், அவ்வளவே. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். முதல் வேலையில் சேருமுன் வங்கியோடு பேசித் தவணைக் காலத்தை நீட்டிக்கொள்வது வெட்கப்பட வேண்டிய காரியமே அல்ல. தவணைப் பயத்தில் அவசரப்பட்டு நிதிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் சேர்ந்தவர்கள் பின்னால் திரும்பி வரச் சிரமப்படுகிறார்கள்.

இங்கே கால் ஊன்றிய பிறகு விசாவின் கதை வேறு மாதிரி ஆகிறது. பன்னாட்டு நிறுவனத்தின் இந்திய அலுவலகத்தில் தொடர்ந்து ஓராண்டு வேலை செய்தவரை அந்நிறுவனம் எல்-1 விசாவில் அமெரிக்காவுக்கு மாற்றலாம். இதில் குலுக்கல் கிடையாது, எச்-1பிக்கான 1 லட்சம் டாலரும் இதற்கு இல்லை. மேலாளர் என்றால் ஏழாண்டு வரை, சிறப்பறிவு கொண்டவர் என்றால் ஐந்தாண்டு வரை. ஆனால் இந்த விசாவில் இருந்தபடி வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. முன்பே எச்-1பி கிடைத்து, அதற்கான ஆறாண்டு உச்சக் காலம் முடிவதற்குள் திரும்பியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வரம்புக்குள் ஒருமுறை எண்ணப்பட்டவர் மீதமிருக்கும் காலத்துக்கு மறுபடி குலுக்கலுக்குப் போக வேண்டியதில்லை. வேலை போய் வந்த பலருக்கு இது தெரியவே தெரியாது. பழைய ஐ-797 ஒப்புதல் கடிதத்தை எங்கோ போட்டுவிடுகிறார்கள். பிரகடனம் நடப்பில் உள்ளவரை வெளியிலிருந்து போடும் மனுவுக்குக் கட்டணத்தையும் கணக்கில் வைக்க வேண்டும், ஆனாலும் அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கட்டும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளும் வரம்புக்கே உட்பட்டவை அல்ல. பெரிய பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளை நிதியை முதலீடு செய்யும் அலுவலகங்களும் உண்டு. அமெரிக்கா மட்டுமே உலகம் என்றும் இல்லை. சிங்கப்பூரில் குலுக்கல் இல்லை, புள்ளிக் கணக்கு. நிதித்துறையில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,200 சிங்கப்பூர் டாலர், வயது கூடக் கூட அதுவும் உயரும். பிரிட்டனில் 2025 ஜூலை முதல் திறன்சார் பணியாளருக்குப் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. இரண்டுமே உயர்ந்த வாசல்கள், ஆனால் அளவு தெரிந்த வாசல்கள். உழைத்து எட்டக்கூடிய ஓர் எண்ணை, எந்த உழைப்பும் எட்டாத குலுக்கலைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. சிஎஃப்ஏ மூன்று நிலை கொண்டது, நிலைக்குக் குறைந்தது 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். அதைத் தாண்டி 4,000 மணி நேர அனுபவமும் காட்டினால்தான் பட்டயம். இடர் பக்கம் போகிறவருக்கு எஃப்ஆர்எம் பொருந்தும். தேர்வு தானாக வேலை வாங்கித்தராது. வேலை தேடும் மாதங்களில் கை சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி, அந்த அளவில் மதிப்புண்டு. அமெரிக்காவில் பங்குத்தரகுத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்ராவின் தேர்வுகள் எழுதியிருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறுவனத்தை விட்டு இரண்டாண்டு ஆனால் சீரிஸ் 7 போன்ற தகுதிகள் காலாவதியாகும். ஆண்டுதோறும் தொடர்கல்வி முடித்து அதை ஐந்தாண்டு வரை காப்பாற்றும் திட்டம் 2022இல் வந்தது. அதில் சேர்வதற்குக் கெடு உண்டு, ஆகவே வேலையை விட்ட உடனே விசாரிப்பது நல்லது. அப்படிப் பதிவு பெற்றவர் விலகினால் நிறுவனம் 30 நாளுக்குள் யூ-5 படிவத்தில் காரணத்தைப் பதிய வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் நீங்கள் சொல்வதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஓபிடி முடிந்தது, குலுக்கலில் வரவில்லை, திரும்பினேன், அதற்குப்பின் இன்ன வேலை செய்தேன்" என்று நான்கு சொற்றொடரில் நிறுத்தினால் போதும். நீண்ட விளக்கம் கேட்பவருக்கு இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும்.

ஆள் தெரிந்தால்தான் வேலை என்று நம் ஊரில் அலுத்துக்கொள்வார்கள். சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1973இல் எழுதியதும், லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான பெரிய சோதனையும் சொல்வது வேறு: நெருங்கிய சொந்தத்தைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களே புதிய வேலைக்கு அதிகம் உதவுகிறார்கள். பழைய அலுவலகத்தில் பக்கத்துக் குழுவில் இருந்தவர், கூடப் படித்து அதிகம் பேசாதவர் ஆகியோருக்கு எழுதக் கூச்சப்பட வேண்டாம். திரும்பி வந்தவர்கள் முதலில் அறுத்துக்கொள்வது இந்தத் தொடர்புகளைத்தான், தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தால்.

மெதுவான வழி கைவிடும் இடமும் உண்டு. வங்கி வேலையை விட்டு, எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவில் போன பெண்களுக்குப் பல காலம் வேலை செய்யும் உரிமையே இருக்கவில்லை. 2015 மே மாதத்தில்தான், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் அனுமதி என்று விதி மாறியது. அவர்களின் இடைவெளி எட்டு மாதக் கணக்கில் வராது, ஏழெட்டு ஆண்டு ஓடியிருக்கும். கோல்ட்மன் சாக்ஸ் 2008இல் 'ரிட்டர்ன்ஷிப்' என்ற பெயரில் தொடங்கிய சில வாரப் பயிற்சி வேலையைப் பார்த்து மற்ற வங்கிகளும் இத்தகைய திட்டங்களைக் கொண்டுவந்தன. இந்திய மையங்களிலும் அவை நடக்கின்றன, இடங்கள்தான் சொற்பம். பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருந்து போனவருக்கு அந்த வழியும் இல்லை. ஐபிபிஎஸ் அதிகாரித் தேர்வுக்கு வயது வரம்பு 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சில ஆண்டு தளர்வு. கிளைக் கணக்கும் கடன் மதிப்பீடும் கைவந்த முப்பத்தாறு வயதுப் பெண், தான் முன்பு பார்த்த அதே வேலைக்கான தேர்வை எழுதக்கூட முடியாது. முன்பு பொதுத்துறை வங்கியில் பணியாற்றியவர்களுக்கு அந்த வரம்பைப் பத்தாண்டு தளர்த்துவது, அரசும் வங்கிகளும் மனம் வைத்தால் அடுத்த அறிவிக்கையிலேயே செய்யக்கூடிய மாற்றம்.